பீரோ பை, மேசைப் பை

மதுரையில் மூவாயிரம் ரூபாய்க்குள் முப்பது பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பிறந்தநாள் கொண்டாடிவிடலாம். கேக், பலகாரம், விளையாட்டு, பரிசு, கிளம்பும்போது கையில் ஒரு பை, எல்லாம் அதற்குள் அடங்கும். நான் செய்திருக்கிறேன். எங்கள் சந்தில் சிலர் வந்து எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொண்டும் போனார்கள். அவர்களிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். செலவு விவரம் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல எனக்கு வராது.

கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்குப்பிள்ளை வேலை. குடியிருப்பு ஆரப்பாளையம், புட்டுத்தோப்புக்குப் பக்கத்துச் சந்து, மாடியில் வாடகைக்கு. வெளியூர்க்காரர்களுக்கு ஆரப்பாளையம் என்றால் தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ் ஏறுகிற இடம், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால், ஹார்வி மில்லை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நெருக்கியடித்து வாழும் சந்துகள். என் அப்பாவும் மில்காரர்தான். இப்போது எங்கள் சந்தில் மில்காரர் யாரும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் பழம் விற்கிறவர்கள், ஒரு இட்லிக் கடை, இரண்டு தையல்காரர்கள், ஒரு கணக்குப்பிள்ளை.

மகளுக்கு எட்டாவது பிறந்தநாள். பள்ளித் தோழிகள் யார் யார் வீட்டு விழாவுக்கோ போய்வந்து, ஏ.சி. ஹாலையும் மேஜிக் மாமாவையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, சொல்லத்தான் செய்தாள். பிள்ளை கேட்டால் மறுத்துவிடலாம். சொல்லிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? சரி, மொட்டை மாடி நம்முடையது, வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

நேரத்தில்தான் பாதி மிச்சம். சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடித்தால் சாப்பாடு போட வேண்டியதில்லை. ஏழு மணி என்று சொன்னீர்களோ, அப்பா அம்மா தாத்தா பாட்டி என்று குடும்பமாக வருவார்கள், பரோட்டாவுக்குச் சொல்ல வேண்டியதுதான். கேக் ஒரு கிலோ போதும். இரண்டு கிலோ கேட்பது பெரியவர்கள். பிள்ளைகள் கிரீமை நக்கிவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிடும். பேக்கரியில் பட்டர் கிரீம் கேக் கிலோ 600 ரூபாய். மெழுகுவத்தி, தொப்பி, சில்லறைச் சாமான் 40. பலூனும் ஜிகினாத் தாளும் 180. பலூன் செருகுகிற பிளாஸ்டிக் குச்சிக்கும் அலங்காரத் தெர்மாகோலுக்கும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அதனால் கடையில் பொட்டலம் கட்டுகிற நூலில் பலூனை வரிசையாகக் கட்டித் துணிக்கொடியில் தொங்கவிட்டேன். பார்க்க அதுவே நன்றாக இருந்தது. பிளாஸ்டிக் பூச்சுப் பேப்பர் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது (கடைகளில் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் கடையில் வேலை பார்க்கிறவன்). வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளரும் கிண்ணமும் எடுத்தேன், 60 ரூபாய். கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கழுவியது என் மனைவி. அந்தக் கூலியை நோட்டில் நான் எழுதவில்லை, இன்னும் எழுதவில்லை.

சாப்பிடுவதற்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், கேசரி, கூல்டிரிங்ஸ். 550 ரூபாய். அம்மா சொன்னது வேறு.

“புட்டு அவிச்சு வச்சிருவோம்டா. ஒரு தூக்குவாளி பருத்திப்பாலுக்குச் சொல்லிரு. பிள்ளைக வயிறு நெறையும்.”

எங்கள் பக்கத்தில் புட்டு சாமி சம்பந்தப்பட்டது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் கோயிலை விட்டுப் புறப்பட்டு எங்கள் புட்டுத்தோப்பு மண்டபத்துக்கு வருகிறார்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகன் வருகிறார், திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் வருகிறார். அவர்கள் திரும்பும்வரை பெரிய கோயில் நடை சாத்தியிருக்கும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது விளையாட்டு இங்கே நடத்திக் காட்டப்படுகிறது: வைகை உடைத்துக்கொண்டு வர, வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்கப் போக வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட, ஆள் இல்லாத வந்திக் கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்த கதை. கூலி உதிர்ந்த புட்டு. முழுசாக வருவது கிழவிக்கு, உதிர்ந்தது கூலிக்காரனுக்கு என்று பேச்சு. அன்றைக்குப் பார்த்து அவித்ததெல்லாம் உதிர்ந்துபோகும். அம்மாவுக்கு இந்தக் கதை அடுத்த தெருவில் நடந்த மாதிரி. அந்த வருஷம் மகளின் பிறந்தநாள் புட்டுத் திருவிழா முடிந்த மறுவாரம் வந்தது. மாவு மிச்சம் இருந்தது.

“அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைக வருதும்மா. அதுகளுக்குப் புட்டும் பருத்திப்பாலுமா?” என்றேன்.

“ஏன், அதுகளுக்குப் பல்லு இல்லையா?”

நான் பதில் சொல்லவில்லை. கூல்டிரிங்ஸ்தான் வாங்கினேன்.

அண்ணாச்சி என் முதலாளி. அவருடைய பெண்ணும் பையனும் என் மகளுக்கு ஏறக்குறைய ஒத்த வயது. ஆயுத பூஜைக்குக் கடைக்கு வந்தபோது மூன்றும் சேர்ந்து மூட்டைகள் மேல் ஏறி விளையாடியிருக்கின்றன. மகள் கூப்பிடச் சொன்னாள். நானும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் “அனுப்பி வைக்கிறேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் போட்ட திட்டத்தில் பாதி அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவே போட்டது. இதில் அந்தப் பிள்ளைகள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. வந்தன, ஆடின, வியர்த்தன, போயின.

இனி பை. பள்ளித் தோழிகள் ஆறு பேர், அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள் இரண்டு, ஆக எட்டு. சந்துப் பிள்ளைகள் இருபத்திரண்டு. எட்டுப் பேருக்குப் பளபளவென்று ஜரிகைக் கயிற்றுக் கைப்பிடி வைத்த பை. உள்ளே பென்சில் டப்பா, ஸ்கெட்ச் பேனா, பெரிய கம்பெனி சாக்லேட், பெண் பிள்ளைக்கு ஹேர் கிளிப், பையனுக்குக் குட்டிக் கார். முன்பு புது மண்டபத்துக்குள் இருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிற கடைகளில் பேரம் பேசி வாங்கினேன். பை ஒன்றுக்கு 90 ரூபாய். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் பலசரக்குக் கடைக் காக்கித் தாள் பை. உள்ளே கடலை மிட்டாய், நாலு தேன் மிட்டாய், ஒரு பென்சில், ஒரு ரப்பர். பை ஒன்றுக்கு 14 ரூபாய். பளபளப்பை எல்லாம் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். காக்கியை மேசைமேல் அடுக்கினேன்.

கடலை மிட்டாயைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நான் போட்டதும் கடையில் வந்திறங்கிய நல்ல சரக்குதான். பிறந்தநாள் பையில் போடுவதற்கு அதைவிட நல்ல தின்பண்டம் இல்லை என்பது இப்போதும் என் கட்சி. வருகிற பிள்ளைகளில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று மட்டும் அம்மாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். கோளாறு கடலை மிட்டாயில் இல்லை. அதை யாருக்கு மட்டும் போட்டேன் என்பதில்.

முதல் நாள் ராத்திரி பை போடும்போது மனைவி கேட்டாள்.

“எதுக்குங்க ரெண்டு மாதிரி?”

“பட்ஜெட்டு.”

பொய். கணக்குப்பிள்ளையின் வாயிலிருந்து வந்த வெட்கங்கெட்ட பொய். எட்டுப் பை 90 வீதம் 720. இருபத்திரண்டு பை 14 வீதம் 308. மொத்தம் 1,028. முப்பது பேருக்கும் ஒரே பை என்று போட்டிருந்தால் பைக்கு 34 ரூபாய் வரும், எட்டு ரூபாய் மிச்சமும் இருக்கும். 34 ரூபாய்க்குச் சாட்டையோடு ஒரு பம்பரம், கடலை மிட்டாய், நாலு தேன் மிட்டாய், ஒரு பென்சில் போடலாம். எந்தப் பிள்ளை பம்பரத்தை வேண்டாம் என்று சொல்லும்? இந்தக் கணக்கை நான் பிறகு போட்டுப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அன்றைக்கே, அந்த மேசையிலேயே, பென்சில் தொடாமல் போட்டேன். போட்டுப் பார்த்து வேண்டாம் என்று தள்ளினேன். அண்ணாச்சி வீட்டுக்கு 34 ரூபாய்ப் பை போய்ச் சேர்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பயம் இருந்த இடத்தில் 90 ரூபாய் வைத்தேன். பயமில்லாத இடத்தில் 14 வைத்தேன். சிக்கனம் என்று நான் சந்தில் பேர் வாங்கியது இதற்குத்தான்.

இதற்கு ஒரு நியாயமும் மனசுக்குள் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, வீடு குடியேற்றம் என்று எது நடந்தாலும் செய்முறை உண்டு, மொய் உண்டு. மேசை போட்டு நோட்டு விரித்து யார் எவ்வளவு என்று எழுதுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் வைத்துப் பில் அடித்துக் கொடுக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். சொந்தத்தில் பல விசேஷங்களில் மொய் எழுதுகிற ஆள் நான். ஐந்நூறு வைத்தவனுக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் திருப்பி வைக்க வேண்டும். அது மரியாதை, அது கடன். பள்ளித் தோழிகள் பெரிய பரிசோடு வருவார்கள், அதற்குத் தக்கபடி கொடுக்கிறேன். சந்துப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவார்கள், அதற்குத் தக்கபடி கொடுக்கிறேன். எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு மொய் நோட்டுப் போட்டவன் மதுரை ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நியாயமும் நிற்காது: சந்துப் பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. இட்லிக் கடை வீட்டுப் பெண் ஒரு முழம் பிச்சிப் பூ கொண்டுவந்து மகள் தலையில் அவளே வைத்துவிட்டாள்.

பிறந்தநாளே வெள்ளைக்காரன் பழக்கம், அதில் நம் முறை ஏது என்று கேட்கிறவர்கள் உண்டு. கேக்கும் மெழுகுவத்தியும் அவன் கொண்டுவந்தவை. ஆனால் அரசனின் பிறந்தநாளைப் பெருமங்கலம் என்று தொல்காப்பியமே சொல்கிறது; அன்று அவன் வெள்ளை உடுத்துவதை வெள்ளணி என்றார்கள். ராஜராஜ சோழனின் சதய நட்சத்திரத்துக்குத் தஞ்சாவூரில் ஐப்பசி தோறும் இன்றும் விழா எடுக்கிறார்கள். பெருமங்கல நாளில் கொடுக்கிற கை பிறந்தவனுடைய கை. நம் பள்ளிக்கூடங்களிலும் அதே வழக்கம்தான். கலர் டிரஸ் போட்டு வருகிற பிள்ளை டப்பாவைத் திறந்து வகுப்பு முழுக்க ஆசை சாக்லேட் கொடுக்கும். முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு எல்லாருக்கும் ஒன்று. டீச்சருக்கு மட்டும் இரண்டு. அந்த இரண்டைத்தான் நான் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து விளையாட்டு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், இதில்தான் குறைந்த செலவு. பரிசு எல்லாம் சேர்த்து 250 ரூபாய். ஆக மொத்தம் 2,708.

மியூசிக்கல் சேருக்கு நாற்காலி வேண்டியதில்லை. பழைய பேப்பரைத் தரையில் விரித்தால் போதும், விழுந்தாலும் அடிபடாது. பலூனைக் காலில் கட்டி அடுத்தவன் பலூனை மிதித்து உடைக்கிற ஆட்டத்துக்கு ஒரு பாக்கெட் பலூன். உடைந்த துண்டுகளைச் சின்னப் பிள்ளைகள் வாயில் போடாமல் உடனே பெருக்கிவிட வேண்டும். கொலை கொலையா முந்திரிக்காவுக்கு ஒரு கைக்குட்டை. ராஜா ராணி திருடன் போலீஸுக்கு நாலு துண்டுச் சீட்டு. கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்துக்கு மணல். வைகைக் கரையில் குடியிருந்தும் மணலுக்கு நாங்கள் பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டைத்தான் ஒரு சட்டி கடன் கேட்க வேண்டியிருந்தது. கரை மாதிரி நீளமாகக் குவித்து, குச்சியை உள்ளே ஒளித்துக்கொண்டே இழுத்துப்போவாள் ஒருத்தி. எங்கே விட்டாள் என்று மற்றவள் இரண்டு கையையும் கோத்துப் பொத்த வேண்டும். பள்ளித் தோழிகளுக்கு இது புதிது. சந்துப் பெண்கள் சொல்லிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசையில் யார் எந்தப் பள்ளிக்கூடம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது, பையன்கள் ஆடுவது, பெண்கள் ஆடுவது என்று வகை பிரித்து. பிறந்தநாள் விழா நடத்த நினைக்கிறவர்களுக்கு அதைவிடச் சிக்கனமான கையேடு எனக்குத் தெரியாது.

கிச்சுக் கிச்சுத் தாம்பாளத்தில் பெரியவர்கள் தலையிட முடியாது. மியூசிக்கல் சேரில் முடியும். பாட்டு என் போனில் ஓடியது. கடைசியில் மூன்று பேர் மிஞ்சினார்கள், அதில் ஒருவன் அண்ணாச்சி பையன். அவன் பேப்பரை மிதிக்கிற நேரம் பார்த்து நிறுத்தினேன். அடுத்த சுற்றிலும் அப்படியே. பரிசை அவன் வாங்கினான். கூட்டத்தில் ஒரு குரல், “மாமா பாத்துப் பாத்து நிறுத்துறாருடா” என்றது. சந்துப் பிள்ளைகள் என்னை மாமா என்றுதான் கூப்பிடும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அங்கிள். சொன்னது யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறரை. அண்ணாச்சி வீட்டுக் கார் சந்துக்குள் நுழைய முடியாமல் முக்கில் நின்றது. டிரைவர் நடந்து வந்து கீழே காத்திருந்தார். நான் அவசரமாகப் பீரோவைத் திறந்து எட்டுப் பைகளையும் கட்டிலில் எடுத்து வைத்தேன். மேசைப் பைகளை மகள்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்கு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கீழ்வீட்டு ஆட்டோக்காரர் பையனிடம் கொடுத்தாள். அவளுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவன் அவன். பையின் வாயை விரித்து உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் போய் அதைப் பிடித்தேன். “டேய், அது ஒனக்கில்ல.”

அவன் உடனே விடவில்லை. வேண்டுமென்றே அல்ல, பிள்ளைக்குக் கையில் இருப்பது தன்னுடையது என்று தோன்றிவிட்டால் விரல் தானாக இறுகும். நான் இழுத்தேன். ஜரிகைக் கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்து என் கையோடு வந்தது. மாடியில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள். நான் மேசையிலிருந்து ஒரு காக்கிப் பையை எடுத்து நீட்டினேன்.

“பேரு எழுதியிருந்துச்சா மாமா?” என்றான்.

“ஆமாடா.”

அவன் அந்தப் பையை நாலு பக்கமும் பார்த்தவன். மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, நன்றாகப் படிப்பான். பேர் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். எனக்குத் தப்பித்துக்கொள்ள ஒரு வழியை அவனே கொடுத்தான், நான் அதில் நுழைந்து வெளியே வந்தேன்.

ராத்திரி பாத்திரமெல்லாம் ஒழித்த பிறகு அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். “ரொம்ப இழுக்க வேண்டியிருந்துச்சாடா?”

நான் சின்ன வயதில் இப்படி எங்காவது அவமானப்பட்டிருப்பேன், அந்த வடு இப்படி வெளிவந்தது என்று யாராவது எனக்காக இரக்கப்படக்கூடும். அப்படி ஒன்றும் இல்லை. மில் சம்பளத்தில் எங்களைக் குறைவில்லாமல் வளர்த்தார்கள். சந்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் என் இலையில் மட்டும் எதுவும் குறைந்ததில்லை. அந்தச் சாக்கு எனக்குக் கிடையாது. அண்ணாச்சியும் எதையும் எதிர்பார்த்தவர் இல்லை. மறுநாள் கடையில், “பிள்ளைக சந்தோசமா இருந்துச்சுகளாம்” என்றார், லாரி பில்லைக் கேட்டார். தீபாவளிக்கு எல்லாருக்கும் வந்த போனஸ்தான் எனக்கும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் துணி எடுக்கப் போனவன் கீழே கத்தல் கேட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்து மனை மணல் குவியலில் சந்துப் பிள்ளைகள். ஒரு பக்கம் உடைந்த டைல்ஸ் துண்டுகள், இன்னொரு பக்கம் செங்கல் துண்டுகள். வரிசையாக வருகிறவர்களுக்கு ஒருத்தி எடுத்துக் கொடுத்தாள். இவனுக்குச் செங்கல், அவளுக்குச் செங்கல், திடீரென்று ஒருவனுக்கு டைல்ஸ். அவன் அதை வாங்கித் திரும்பும் நேரம் பார்த்து, “டேய், அது ஒனக்கில்ல!” என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். பிடுங்கப்பட்டவன் துரத்த வேண்டும். குவியலைச் சுற்றி வருவதற்குள் தொட்டுவிட்டால் அவன் மாமா ஆகிவிடலாம். தொட முடியாவிட்டால் மறுபடி வரிசைக்கு. விதியெல்லாம் தெளிவாக இருந்தது. யாருக்கு டைல்ஸ் விழும் என்று முன்னாலேயே தெரியாததுதான் ஆட்டத்தின் ருசி. டைல்ஸுக்குப் பீரோ பை என்று பேர். செங்கலுக்கு மேசைப் பை. பீரோ சமாச்சாரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? என் மகளும் அந்த வரிசையில் நின்றாள். ஆட்டோக்காரர் பையன்தான் மாமாவாக எல்லாரையும்விட நன்றாக நடித்தான். என் குரலை, நான் “டேய்” சொல்லும்போது கழுத்தை முன்னால் நீட்டுவதை, எல்லாவற்றையும் பிடித்திருந்தான். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆட்டத்துக்குப் ‘பைப் பிடுங்கி’ என்று பேர் வைத்திருந்ததாக மகள் பிறகு சொன்னாள். பாவாணர் காலத்தில் இருந்திருந்தால் பகலாட்டில் சேர்த்திருப்பார். மேஸ்திரி மணலை எல்லாம் கலவைக்கு எடுத்து முடிக்கும்வரை அந்த ஆட்டம் நடந்தது. அதுவரை நான் அந்தப் பக்கத்துச் சன்னலைத் திறக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. கேட்பதற்குப் பதில் கடைக்குப் போனேன். அதே மாதிரி ஜரிகைக் கைப்பிடி வைத்த பை, அதே பென்சில் டப்பா, கூட ஒரு பெரிய கார், 140 ரூபாய்க்கு வாங்கினேன். பையனிடம் நேரில் கொடுக்கத் தைரியம் இல்லாமல் அவன் அம்மாவிடம் நீட்டி, “அன்னிக்குப் பை ஒன்னு கொறஞ்சுபோச்சும்மா” என்றேன். இன்னொரு பொய்.

“அன்னிக்கே ஒரு பை வந்துருச்சேண்ணே. ரெண்டாவது எதுக்கு? வேற பிள்ளைக்குக் குடுங்க” என்று சிரித்த முகமாகத் திருப்பிக் கொடுத்தார். விவரம் தெரியாமல் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. ‘நான் பிடுங்கினேன், தப்பு’ என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. சொல்லாமல் படி ஏறி வந்தேன். அந்தப் பை இப்போதும் பீரோவில்தான் இருக்கிறது. சாக்லேட்டை மட்டும் எறும்பு வருகிறது என்று மனைவி எடுத்துவிட்டாள். மறுவருஷம் அந்தக் குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டது.

அடுத்த பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் ஒரே பைதான் போட்டேன். பம்பரம், கடலை மிட்டாய், தேன் மிட்டாய், பென்சில். விலை ஏறியிருந்ததால் பைக்கு 36 ரூபாய் ஆனது. பீரோவைத் தொடவில்லை. பாட்டுப் போடுகிற வேலையை இட்லிக் கடை வீட்டுப் பெண்ணிடம் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லிக் கொடுத்தேன். அம்மா புட்டு அவித்தாள், தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டு, பருத்திப்பாலும் வந்தது. பருத்திப்பாலைப் பாதிப் பிள்ளைகள் முகம் சுளித்து வைத்துவிட்டன, சுக்கு தூக்கலாகிவிட்டது. புட்டு மிஞ்சவில்லை. செலவு போன தடவையைவிட ஐந்நூறு ரூபாய் குறைவு. இதைச் சொல்லும்போது எல்லாரும் நான் திருந்திவிட்டதாக நினைக்கிறார்கள். என் மனைவிகூட.

திருந்தவில்லை. அந்த வருஷம் அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகளை நான் கூப்பிடவே இல்லை. ஒரே பை போட எனக்குத் தைரியம் வந்தது, அதை வாங்க அந்த வீட்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்று ஆன பிறகுதான். மகளிடம், “அவங்க எல்லாரும் குற்றாலம் போயிருக்காங்கம்மா” என்று சொன்னேன்.

இந்த வருஷப் பட்டியலை அவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள், நம்பர் போட்டு. முதல் இரண்டு பேர் அண்ணாச்சி வீட்டுப் பிள்ளைகள். “போன தடவை ஊருக்குப் போயிட்டாங்க, இந்தத் தடவை முன்னாடியே சொல்லிருங்கப்பா” என்றாள். பம்பரம் முப்பது வாங்கி வைத்தாயிற்று. அண்ணாச்சி தினமும் கல்லாவில், எனக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் சொல்லவில்லை.